மிட்டாய் ரோஸ் நாற்காலி

மாமனார் வீட்டோடு வந்து தங்கினால்தான் அவள் மறுபடி வேலைக்குப் போக முடியும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை. திங்கட்கிழமை வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். இந்த நேரம் பார்த்துக் கணவன் ஒரு படத்தை வாங்கி வந்து கூடத்தில் மாட்டினான்.

சில்க் ஸ்கிரீனில் அச்சடித்தது. மொத்தமே ஐம்பது பிரதிகள்தானாம். மூலையில் ஓவியரின் பென்சில் கையெழுத்து. படத்தில் இருந்தது, பழைய ஆட்சியில் ஆட்களைக் கட்டிவைத்து விசாரித்த நாற்காலி. அதற்கு மிட்டாய் ரோஸ் நிறம், பின்னால் எலுமிச்சை மஞ்சள், கைப்பிடிகளில் கறுப்பு வார்கள். போகப் போக விலை ஏறும் என்றான் கணவன். அதற்குள் உன் அப்பா பஸ் ஏறிவிடுவார் என்றாள் அவள். ஏதாவது மனசுக்குப் பிடிக்காவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுகிற ரகம் அவர்.

மாமனார் வந்தார். பையைக் கீழே வைக்காமலே படத்தின் முன்னால் போய், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றார்.

"கலர்தான் தப்பு. நாங்க பிரவுன் வார்னிஷ் அடிச்சுக் குடுத்தோம்," என்றார்.

அவர் அரசாங்கப் பட்டறையில் தச்சராக இருந்தது தெரியும். மேசை, பீரோ என்றுதான் நினைத்திருந்தார்கள்.

"எதுக்குன்னு கேக்கலையாப்பா?" என்றான் மகன்.

ஆஸ்பத்திரிக்கு என்று சொன்னார்களாம். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கிற பழக்கம் பட்டறையில் கிடையாதாம். ஒன்றுகூட ஆட்டம் கண்டு திரும்பி வந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார், கொஞ்சம் பெருமையாகவே.

அவள் திடுக்கிடத் தயாராக நின்றாள். அதிர்ச்சி வரவில்லை. வந்ததெல்லாம், மனுஷர் கோபித்துக்கொள்ளவில்லை, இருப்பார் என்ற நிம்மதிதான். பாவம், அவருக்கென்ன தெரியும், சொன்னதைச் செய்தார் என்று மனசு அவருக்காக வக்கீல் வைத்து வாதாடி, தீர்ப்பும் வாங்கிவிட்டது. அந்த வேகம்தான் அவளைக் கூச வைத்தது. அதுவும் கொஞ்ச நேரம்தான்.

சாப்பிடும்போது குழந்தை தன் உயர நாற்காலியிலிருந்து நழுவியது. மாமனார் எட்டிப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையோடு அந்தப் பிஞ்சு இடுப்பை விரல்களால் வளைத்து அளவு பார்த்தார்.

"ஒரு வார் போட்டுடறேன்மா. தோல்ல போட்டா எவ்ளோ திமிறினாலும் தளராது."

கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஏதாவது அவள்தான் சொல்லியாக வேண்டும் போலிருந்தது. என்ன சொல்வதென்று யோசித்தாள். பிறகு திங்கட்கிழமையை யோசித்தாள்.

"தோல் வேண்டாம் மாமா," என்றாள். "துணியில போடுங்க."