இருபத்தஞ்சு எம்.பி.க்குள் மாமா

மாமாவுக்குக் கை நடுக்கம் வந்து இரண்டு வருஷமாகிறது. கால் விஷயம் இந்தச் சித்திரைக்குப் பிறகுதான். நன்றாக நடந்துகொண்டே இருப்பார். ஒரு வாசற்படி வந்ததும் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும். உடம்பு மட்டும் முன்னால் போகப் பார்க்கும். அப்படியே சில முறை விழுந்தும் விட்டார்.

மாத்திரையைக் கூட்டுவதா, வேளையை மாற்றுவதா என்று பார்க்க வேண்டும், அவர் நடப்பதை வீடியோ எடுத்து ஈமெயிலில் அனுப்புங்கள் என்று சென்னை டாக்டர் சொல்லியிருந்தார். வாட்ஸ்அப்பில் போட்டால் வீடியோ சுருங்கிவிடும், கால் அசைவு சரியாகத் தெரியாது, ஈமெயில்தான் வேண்டும் என்று அவருடைய உதவியாளர் அழுத்திச் சொன்னார். இன்று சாயங்காலத்துக்குள் வந்தாக வேண்டும். தவறினால் அடுத்த மாதம்தான் பார்ப்பார்.

என் வீட்டுக்காரர் கோபிக்கு ஓசூரில் வேலை. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை வீட்டில் மாமா, அத்தை, நான் மூன்றே பேர். ஆகவே வீடியோ மருமகள் பொறுப்பாயிற்று.

போன் தன் பக்கம் திரும்புகிறது என்றதும் மாமா உள்ளே போய்ச் சலவை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்தார். எந்த வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்புகிறார் என்று அத்தை என்னைக் கேட்டார். வேட்டியை எடுத்துக் கொடுத்ததே அத்தைதான். கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மாமா நடந்த நடை இருக்கிறதே, சம்பந்தி வீட்டாரை வரவேற்கப் போகிறவர் நடை. எங்கும் ஒட்டவில்லை, எங்கும் தடுமாறவில்லை.

முடிந்ததா என்று கேட்டுவிட்டு, தோட்டத்துப் பக்கம் திரும்பினார். நான் இன்னும் நிறுத்தவில்லை. நிலைப்படி வந்தது, கால் நின்றுவிட்டது. அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த அத்தை, தன் வலது பாதத்தை மாமாவின் விரல்களுக்கு முன்னால் குறுக்கே வைத்தார்.

"ம், தாண்டுங்க."

மாமா அந்தப் பாதத்தைப் பார்த்தார். காலைத் தூக்கினார், தாண்டினார், போய்விட்டார். அத்தை குழம்பைக் கவனிக்கத் திரும்பினார்.

ஆறு நிமிஷ வீடியோ. மெயிலில் சேர்த்ததும், அளவு பெரிது, லிங்க்காகத்தான் போகும் என்றது. சரி என்று அழுத்தினேன். ஆனால் அன்றைக்குப் பௌர்ணமி. மலை சுற்ற வந்த ஜனமெல்லாம் நடந்துகொண்டே ஊருக்கு வீடியோ கால் பேசிக்கொண்டிருந்தது. நீலக் கோடு ஒரு நெல் நீளத்துக்கு ஏறி அப்படியே நின்றது. மதியம்வரை காத்திருந்தேன். இனி ஒரே வழி, லிங்க் இல்லாமல் நேராக இணைக்கிற அளவுக்கு வெட்டுவது. ஒரு நிமிஷத்துக்கும் கம்மியாகத்தான் கொள்ளும், இருபத்தஞ்சு எம்.பி.க்கு மேல் ஏற்காது என்று இருவருக்கும் விளக்கினேன்.

"இருபத்தஞ்சு எம்.பி.யா? எந்தக் கட்சிம்மா?" என்றார் மாமா.

அத்தை சிரிக்கவில்லை. முதலில் நடந்தாரே, எவ்வளவு அழகாக நடந்தார், அதை அனுப்பு என்றார். டாக்டருக்கு அழகு வேண்டாம் அத்தை, கஷ்டம்தான் வேண்டும், கடைசியில் இருக்கிறதே அந்த இடம்தான் என்றேன். அத்தையின் முகம் மாறிவிட்டது.

"அதுல என் கால் வருதே."

வந்தால் என்ன என்று கேட்டேன்.

"புருஷனுக்கு எதிர்ல காலை நீட்டிக்கினு நிக்கிறாளேன்னு நெனைப்பாங்க. படுக்கும்போதுகூட அவரு பக்கம் கால் வெக்கமாட்டேன் நானு. தாண்டிப் போனப்புறம் தெனமும் மனசுக்குள்ள ஒரு கும்பிடு போட்டுக்கிறேன், தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. கதவுகளில் அத்தை முந்திக்கொண்டு போவதை நான் அவசரம் என்றே நினைத்திருந்தேன்.

அத்தையின் பாதம் மட்டும் தெரியாமல் வெட்ட முடியுமா என்று பார்த்தேன். அதை மறைத்தால் மாமாவின் பாதமும் போய்விடுகிறது. பாதம் வருவதற்கு முன்பே முடித்துக் காட்டினேன். மாமா நிலைப்படியில் நின்றபடியே வீடியோ முடிந்தது. அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, இப்படி நிக்க வெச்சிட்டு உட்டா விழுந்துடுவாருல்ல?"

மாமா கை நீட்டிப் போனை வாங்கினார். தான் நிற்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை. முழுதாக ஓடவிட்டார். மறுபடி ஓடவிட்டார். கல்யாண நடையை ஒருமுறை தொட்டுப் பார்த்து, அதை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்கே வந்தார்.

"சிந்து, இதையே அனுப்பு. அவ கால் வரலன்னா நான் எப்படி நடக்குறேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

கால் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து தாண்டி முடிப்பதுவரை வெட்டினேன். இருபத்திரண்டு எம்.பி. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வட்டம் சுற்றியது, நின்றது, சுற்றியது. வெயில் சாய்வதற்குள் போய்விட்டது.

இருட்டியதும் டாக்டரே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன். முதல் கேள்வியே, குறுக்கே வருகிறதே, அந்தக் கால் யாருடையது என்பதுதான். அத்தை கதவுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"எங்க வீட்லதாங்க சார்," என்றார் மாமா, கொஞ்சம் பெருமையாகவே.

மாத்திரையைக் கூட்ட வேண்டியதில்லை, காலை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள், ஒரு மாதம் கழித்து இன்னொரு வீடியோ அனுப்புங்கள் என்றார் டாக்டர். வைக்கப் போகும் சமயத்தில் அத்தை கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டார்.

"அப்போ நான் காலை வெக்கிறதை நிறுத்திடணுங்களா?"

"நிறுத்தாதீங்கம்மா. அது நல்லதுதான்."

அடுத்த மாதம் நான் போனை எடுத்தபோது, மாமா வீட்டில் கட்டுகிற பழைய வேட்டியோடே எழுந்து வந்தார். அத்தையைத்தான் காணோம். கிணற்றடியில் உட்கார்ந்து, புளியைப் போட்டுத் தன் மெட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.