லிஃப்ட்காரர் சாய்ந்த பக்கம்

செடிக்காரி தன் கணவரைத் தினமும் காலையில் கால் வட்டம் திருப்பி வைத்தாள். திருப்பாமல் விட்டால் சாயங்காலத்துக்குள் அவர் ஜன்னல் பக்கம் சாய்ந்துவிடுவார். முதலில் தலை சாயும், பிறகு தோள், தெருவிளக்கு எரியும் நேரத்துக்கு இடுப்புக்கு மேல் மொத்தமும். விழுந்ததில்லை. வலிக்கிறது என்று சொன்னதும் இல்லை. அவர் உட்கார்ந்திருந்தது சுழலும் ஸ்டூல் என்பதால் திருப்புவது சுலபமாக இருந்தது. காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, தோளைப் பிடித்து ஒரு திருப்பு. அதோடு அன்றைய வேலை முடிந்தது. தொட்டிகளை அப்படித்தான் திருப்பி வைப்பாள், இல்லாவிட்டால் செடி ஒரு பக்கமாகவே வளர்ந்து கோணிக்கொள்ளும். கணவருக்கு மட்டும் வேறு விதி இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

அவள் தொழிலே அதுதான். ஆபீஸ்களுக்கும் பல் ஆஸ்பத்திரிகளுக்கும் செடிகளை வாடகைக்கு விடுவாள். போகும்போது பளபளவென்று போகிற செடி, ஏசி அறையின் மூலையில் சில மாதம் நின்றால் ரத்தம் செத்த முகத்தோடு திரும்பி வரும். அவற்றைத் தேற்றுவதற்கென்று தரைக்குக் கீழே பாதி இறங்கியிருந்த அவள் வீட்டின் பெரிய அறையில் இரும்பு அடுக்குகள் போட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் மேலே ட்யூப்லைட் கட்டியிருந்தாள். வெள்ளை ஒன்று, கொஞ்சம் மஞ்சள் கலந்தது ஒன்று, இரண்டும் ஜோடியாக. இலைக்கும் விளக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. செடி வளர வளரச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக மேலே ஏற்றுவாள். ட்யூபின் முனை கறுத்துவிட்டால், நன்றாகத்தானே எரிகிறது என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாமல் மாற்றிவிடுவாள். நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே செடிக்கு வெளிச்சம் குறைந்துவிடும் என்பது அவள் கட்சி. அறையில் ஒரே ஒரு ஜன்னல், தெருவில் போகிறவர்களின் செருப்பு தெரிகிற உயரத்தில். அதன் அடியில்தான் அவள் மண் கலக்கும் மேஜை. நாளில் பாதி நேரம் அவள் அங்கேதான் அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

கணவர் பெரிய கட்டிடம் ஒன்றில் லிஃப்ட்காரராக இருந்தார். ஜன்னல் இல்லாத அந்தப் பெட்டிக்குள் மீசை முளைத்த வயதில் போய் உட்கார்ந்தவர், மீசை வெளுக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அவர் வாயிலிருந்து வந்த பேச்சில் பெரும்பகுதி, "மேலேயா, கீழேயா?" என்பதுதான். தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிய பெண்ணிடமும் அதையே கேட்டார். அவள் சிரித்தாள். அவர்களுடைய கல்யாணப் பேச்சுவார்த்தை அவ்வளவுதான். பிறகு, ஏறுகிறவர்கள் தாங்களே பொத்தானை அழுத்திக்கொள்ளும் லிஃப்ட் வந்தது. எல்லோரும் கைதட்டி, அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலையும் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அவர் வந்து நின்றதைப் பார்த்ததுமே செடிக்காரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெளுத்த முகம், நீண்டு மெலிந்த கழுத்து. ஆபீஸ் போய்த் திரும்பிய செடிதான். ஸ்டூலை அறையின் நடுவில் போட்டு உட்காரவைத்தாள். மறு வாரமே சாயத் தொடங்கினார்.

வெளிச்சத்தைப் பார்த்துச் சாய்கிறார், அதில் ஒன்றும் குற்றமில்லை என்றுதான் அவளும் இருந்தாள். அவளுடைய நிம்மதியைக் கெடுத்தது மாடியில் குடியிருந்த நாத்தனார். தெருவுக்கு எதிர்ப்புறம், ஜன்னலுக்கு நேராக, ஒரு சரவிளக்குக் கடை இருந்தது. பகலிலேயே அத்தனை விளக்கும் எரியும். அங்கே விற்பனைக்கு நின்ற பெண்ணைத் தெருவில் சிரிப்புக்காரி என்பார்கள். வாங்க வந்தவர், வழி கேட்க வந்தவர் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. "எத்தனையோ ஜன்னல் வெளிச்சம் இருக்கு ஊருல. என் தம்பிக்கு அந்த ஜன்னல்தான் கெடைச்சுதா?" என்று நாத்தனார் பாதி விளையாட்டாகக் கேட்டுவிட்டுப் போனாள். செடிக்காரி நிமிர்ந்து எதிர்க்கடையைப் பார்த்தாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் பகலை அவள் பார்த்ததில்லை, அவள் பகலை அவரும் பார்த்ததில்லை. இப்போதுதான் இருவரும் ஒரே அறையில் இருக்கிறார்கள். இருந்தும் மனிதர் வேறு எங்கேயோ சாய்கிறாரே என்று அவளுக்கு மனம் விட்டுப்போயிற்று. அவர் தன்னை விட்டுப் போய்விடுவாரோ என்று பயந்தாள். இதை அவரிடம் கேட்டுவிடலாம். ஆனால் கேட்டு, அவர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டால்?

அதனால் அவள் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். நல்ல ட்யூபாகப் பார்த்து ஒரு ஜோடி வாங்கி, ஸ்டூலுக்கு நேர் மேலே, அவர் உச்சந்தலைக்கு ஒரு சாண் உயரத்தில் சங்கிலியில் தொங்கவிட்டாள். ட்யூப்லைட் சுடாது, தலைமுடி பட்டாலும் பரவாயில்லை. தினமும் நாற்காலியில் ஏறி நின்று தூசு துடைத்தாள், சங்கிலியைச் சரிசெய்தாள், சோக்கு ரீங்காரம் போட்டால் திருகாணியை முடுக்கினாள். கை வைத்தியம் கைமேல் பலன் தந்தது. அவள் மேலே ஏறி நின்று வேலை பார்க்கிற நேரத்தில் லிஃப்ட்காரர் முதுகை நிமிர்த்தி, கழுத்தை உயர்த்தி, ஒரு கோடு மாதிரி உட்கார்ந்திருந்தார். சில வாரங்களில் வளரவும் செய்தார். சட்டைக் கைகள் மணிக்கட்டுக்கு மேலே ஏறிக்கொண்டன, சங்கிலியை இரண்டு கண்ணி உயர்த்த வேண்டியிருந்தது. முகத்தில் நிறம் வந்தது. இலை மட்டும்தான் விடவில்லை.

ஆனால் அவள் இறங்கி ஜன்னலடி மேஜைக்குப் போனால் பழையபடி சாய்வு வந்தது. வெளிச்சம் பற்றவில்லை என்று நினைத்து இன்னொரு ஜோடி கட்டினாள். அப்போதுதான் நாத்தனார் அடுத்த குண்டைப் போட்டாள். செடி கொடுக்க இவள் வெளியே போகிற நாட்களில் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம். கதவுப் பக்கம் சாய்கிறானாம், தலை நிலைப்படிக்கு வெளியே போகிற அளவுக்கு. "எழுந்து போயிடுவானோன்னு பயமா இருக்கு" என்றாள். சிரிப்புக்காரி இல்லை என்பதில் செடிக்காரிக்கு வந்த ஆறுதல் ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. ஒரு பெண்ணாக இருந்தால் சண்டையாவது போடலாம். கதவோடு யார் சண்டை போடுவது? இந்த வீடே அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று முடிவுகட்டினாள். அன்றிலிருந்து அவர் தலைக்கு மேலிருந்த விளக்குகளை அவள் அணைக்கவே இல்லை. அணைத்தால் அந்த நிமிடமே போய்விடுவார் என்று ஒரு பயம்.

மழைக்காலங்கள் வந்து போயின. அறையில் இரவு என்பது இல்லாமல் போயிற்று. தெருவில் போகிறவர்கள் எந்த நேரத்தில் குனிந்து பார்த்தாலும் அந்த ஜன்னல் பால் மாதிரி வெளுத்து எரிந்தது; அதன் வெளிச்சத்தில் பாதை பார்த்து நடந்தார்கள், சில பேர் பேப்பர்கூடப் படித்தார்கள். லிஃப்ட்காரர் கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். தூக்கம் அந்த வீட்டு வாசல்வரை வந்து, உள்ளே பகலாக இருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போனது. கனவுகள் மட்டும் எப்படியோ நுழைந்து அடுக்குகளின் கீழ்த்தட்டில் கிடந்தன. செடிக்காரி காலையில் பெருக்கும்போது காய்ந்த இலைகளோடு அவையும் வரும்; அநேகமாக மேலே ஏறுகிற கனவுகள், சில கீழே இறங்குகிறவை. அவள் அவற்றைத் தொட்டி மண்ணில் போட்டுக் கிளறிவிடுவாள்.

ஒரு பேங்க் மேனேஜர் புதுக் கிளைத் திறப்புக்குச் சாமந்தித் தொட்டிகள் கேட்டிருந்தார், எல்லாம் பூத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. சாமந்திக்கு நீளமான இருட்டு வேண்டும். இடையில் ஒரு கீற்று வெளிச்சம் பட்டால்கூடப் போதும், பொழுது விடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மொட்டு வைக்காமல் இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். இதை வாடிக்கையாளர்களுக்கு அவள் எத்தனையோ முறை பாடம் எடுத்திருக்கிறாள்; வெளிச்சம் சாப்பாடு மாதிரி, ராத்திரியும் ஊட்டிக்கொண்டே இருந்தால் எந்த உயிர் தாங்கும் என்பாள். அதனால் சாயங்காலம் ஆனதும் சாமந்தி அடுக்கை மட்டும் தடித்த கறுப்புத் துணியால் நாலு பக்கமும் மூடினாள். ஓரங்களைச் சொருகி, ஓட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, எண்ணி எண்ணிப் பேசுகிற மனிதர் வாய் திறந்தார்.

"அதுக்குப் போத்துற மாதிரி எனக்கும் ஒண்ணு போத்திவிடேன்."

செடிக்காரி ஆடிப்போனாள். அவர் குரலில் கோபம் இல்லை. லிஃப்டில் நெரிசலாக இருக்கும்போது கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று சொல்வாரே, அந்தக் குரல். அவள் முதன்முறையாக அவர் கண்களைப் பார்த்தாள். ஓரம் சிவந்து, பார்த்துப் பார்த்துத் தேய்ந்துபோன கண்கள். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் கட்டின புருஷனுக்கு ஒரு ராத்திரியைக்கூடக் கொடுக்கவில்லையே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். துணி தேடிப் போகவில்லை. கதவோரம், ஜன்னலுக்கு நேர் எதிர்ச்சுவரில் இருந்த சுவிட்சுப் பலகைக்குப் போனாள். எதிர்க்கடையில் சரவிளக்குகள் முழு வீச்சில் எரிந்துகொண்டிருந்தன. இங்கே அணைத்தால் அறைக்கு அந்த ஒரு வெளிச்சம்தான் மிச்சம். சாய்ந்தால் சாயட்டும், போனால் போகட்டும், தூங்கிவிட்டாவது போகட்டும் என்று நினைத்து, ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தாள்.

சோக்குகளின் ரீங்காரம் நின்றது. இத்தனை காலம் அதன் அடியில் இருந்த அமைதி, தண்ணீர் மாதிரி மேலே வந்தது. ஜன்னல் வழியாகச் சரவிளக்கு வெளிச்சம் இறங்கி, ஸ்டூலின் கால்வரை வந்து நின்றது. செடிக்காரி கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள். ஸ்டூல் ஒருமுறை கிரீச்சிட்டது. பிறகு ஈரத் துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி ஒரு சத்தம், மெதுவாக. அது முடிந்ததும் அவள் தோளில் ஒரு கனம் வந்து இறங்கியது. மூச்சு கழுத்தில் பட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால், லிஃப்ட்காரர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அறையின் பாதி அகலத்துக்கு வளைந்து வந்து, அவள் தோளில் தலையை வைத்திருந்தார். அந்த உடம்பு அவ்வளவு தூரத்துக்கு எப்படி எட்டியது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

"வெளிச்சம் அந்தப் பக்கம் இருக்குங்க" என்றாள் அவள்.

"தெரியும். நீ இந்தப் பக்கம்தானே இருக்க."

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். செடிக்காரி அசையாமல் நின்றபடி ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஜன்னலடியில் இருந்தது அவள் மேஜை. விளக்கைத் துடைக்க மேலே ஏறி நின்றது அவள். கதவு வழியாக வெளியே போனதும் அவள்தான். அவள் எங்கெங்கே இருந்தாளோ அங்கங்கே சாய்ந்தவரை, முதுகைக் காட்டிக்கொண்டே சந்தேகப்பட்டிருக்கிறாள். அழுகை வந்தது, தோள் குலுங்கினால் எழுந்துவிடுவாரே என்று அதையும் நிதானமாக, சத்தமில்லாமல் அழுதாள். காலையில் காப்பியோடு இறங்கி வந்த நாத்தனார், சுவரோரம் நின்றபடியே இரவைக் கழித்திருந்தவளையும், அவள் தோளில் தலை வைத்துத் தூங்குகிறவரையும் பார்த்துவிட்டு, விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். "வீடு முழுக்க மாட்டி வச்சது பத்தாதுன்னு நீயும் ஒரு ட்யூப்லைட்டா இருந்திருக்க" என்றாள். தானும்தான் என்பதை அவள் சொல்லவில்லை.

அதன்பிறகு செடிக்காரி கணவரைத் திருப்புவதை விட்டுவிட்டாள். மேஜையின் கால்களுக்குச் சக்கரம் போட்டு, ஒரு நாள் ஜன்னலடியில், மறுநாள் அடுக்குகளின் பக்கம், அதற்கடுத்த நாள் கதவோரம் என்று அவளே அவரைச் சுற்றி வந்தாள். எல்லாப் பக்கமும் சரியாகச் சாய்ந்ததில் அவர் நேரானார். இருட்டியதும் ட்யூப்லைட்டுகள் அணைந்தன. ஜன்னல் வெளிச்சம் எட்டாத அடுக்கில் சாமந்திகள் கறுப்புத் துணி இல்லாமலேயே பூத்தன, மேனேஜர் கேட்டதற்கு மேலேயே. செடி வாங்க வருகிறவர்கள் அவளைத் தேடிக் குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, லிஃப்ட்காரரைப் பார்த்து அவர் சாய்ந்திருக்கிற பக்கம் போனார்கள்.

தங்கச்சி மகளுக்குக் குழந்தை பிறந்தபோது செடிக்காரி வடக்கே ரயிலேறிப் போய் ஒரு வாரம் தங்க வேண்டியிருந்தது. அந்த வாரம் முழுவதும் லிஃப்ட்காரர் வடக்குச் சுவர்ப் பக்கமே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அங்கேயே தட்டை நீட்டி நாத்தனார் சாப்பாடு போட்டாள். கடைசி நாள் மத்தியானம் அவர் தலை சுவரை விட்டு மெல்ல நகர ஆரம்பித்தது, கடிகார முள் மாதிரி. ரயில் நிலையம் இருந்த திசைக்கு வந்து சிறிது நேரம் நின்றது, கடைத்தெருப் பக்கம் திரும்பியது, பிறகு வாசலுக்கு நேராக வந்தது. நாத்தனார் எழுந்து போய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.