பினாங்குக்குப் போன கொசுறு

காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்க்கிற வழக்கம் தையல்நாயகியை விட்டுப் போய் ஆறு மாதமாகிறது. இப்போது செல்போனைத்தான் பார்க்கிறாள். மேற்குத் தாம்பரத்தில் ஏற்றுமதிக்காரர்களுக்குச் சுங்க வேலை முடித்துக் கொடுக்கிற தயாளன், தன்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம் தினமும் ஆறு மணிக்கு ஒரு 'அப்டேட்' அனுப்பிவிடுவான். எந்தப் படிவம் மாறியது, எந்த நாட்டில் எதற்குத் தடை, எந்த எல்லையில் யார் மாட்டினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். எங்கோ ஒருவன் செருப்புக்குள் தங்கம் கடத்திப் பிடிபட்டதைப் படித்துவிட்டு, கருவாடு விற்கிற இவள் அன்று முழுக்கச் சோறு இறங்காமல் கிடந்தாள்.

கானத்தூரில் முப்பது வருஷமாகக் கூடையில் மீன் விற்றவள். இப்போது தன்னோடு பதினொரு பெண்களைச் சேர்த்துக்கொண்டு நெத்திலிக் கருவாடு ஏற்றுமதி செய்யக் கிளம்பியிருந்தாள். பெட்டிக்குப் பத்து கிலோ, இருநூற்று நாற்பது பெட்டி. வாங்குகிறவள் ஜோசலின், நாவலூரில் பிறந்து பினாங்குக்கு வாழ்க்கைப்பட்டு அங்கே மளிகைக்கடை வைத்திருக்கிறவள். முதல் லோடு பிடித்திருந்தால்தான் இரண்டாவது லோடு என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பெட்டிகள் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும்.

புதன்கிழமை சுங்கக் கிடங்கில் ஒரு பெட்டியைத் தராசில் வைத்தார்கள். பத்து கிலோ நூறு கிராம். அடுத்த பெட்டியும் அப்படியே. அதிகாரி மதியழகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"என்னம்மா, எல்லாத்துலயும் நூறு கிராம் அதிகமா இருக்கு?"

"அது கொசுறு சார்."

"கொசுறுன்னா எந்தத் தலைப்புல வரும்?"

"தலைப்பா? கைல வரும் சார். அள்ளிப் போட வேண்டியதுதான்."

தயாளன் குறுக்கே விழுந்தான். "சார், ஃப்ரீ சாம்பிள்னு போட்டுடலாமா?"

"அதுக்கும் விலை போடணும். சைபர்னு அடிச்சா கம்ப்யூட்டர் வாங்காது. ஒரு ரூபாயாவது போடுங்க."

"வெல வெச்சா அது கொசுறா சார்? வியாபாரம்!" என்றாள் தையல்நாயகி.

"அப்ப எடுத்துடுங்கம்மா."

"கொசுறு போடாத கூடையாண்ட எவளும் ரெண்டாவது தபா வரமாட்டா சார். இது என் மொத லோடு."

தயாளன் அவளைத் தனியே கூட்டிக்கொண்டு போனான். "அக்கா, ஒன்பது கிலோ தொள்ளாயிரம் சரக்கு, நூறு கிராம் கொசுறு. மொத்தம் பத்து. பேப்பரும் சரி, கொசுறும் சரி."

அவளுக்கு வந்ததே கோபம். "முப்பது வருசமா தராசு புடிச்ச கை தம்பி இது. அளவுல அடிச்சிகினு அத்தையே கொசுறுன்னு குடுக்கச் சொல்றியா? உனுக்கு நல்ல புத்தியே கெடையாதா?"

அவன் நேரே அலுவலகத்துக்குப் போனான். பெட்டிக்குப் பத்து கிலோ நூறு கிராம் என்று பேப்பரையே திருத்தி, வியாழக்கிழமை காலையில் வெற்றி வீரனைப் போல வந்தான். மத்தியானம் மறுபடி எடை போட்டார்கள். பத்து கிலோ இருநூறு கிராம்.

நடந்தது இதுதான். பேப்பரைத் திருத்திய செய்தி கேட்டதும் தையல்நாயகிக்கு இருப்புக்கொள்ளவில்லை. போட்ட கொசுறையும் சரக்கில் சேர்த்துவிட்டார்களே, கொசுறே இல்லாமல் பெட்டி போகிறதே என்று பதறிவிட்டாள். புது ஸ்டிக்கர் ஒட்ட வந்த பன்னிரண்டு பெண்களும் சோற்றுப் பையில் ஆளுக்கு இரண்டு கிலோ நெத்திலியை மறைத்துக் கொண்டுவந்து, பெட்டிக்கு ஒரு பிடி போட்டுவிட்டார்கள். சுங்கக் கிடங்குக்கு உள்ளே சரக்கைக் கடத்தியவர்கள் உலகத்திலேயே இவர்களாகத்தான் இருக்கும்.

"நேத்தும் நூறு கிராம் அதிகம், இன்னைக்கும் நூறு கிராம் அதிகம்," என்றார் மதியழகன்.

"நேத்து போட்டத நீங்க சரக்குன்னு எழுதிகினீங்க. அப்ப கொசுறு எங்க சார்?"

அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாளைக்குத் திருத்தினால் நாளை மறுநாள் முந்நூறு கிராம். இதற்கு முடிவே கிடையாது என்று தெரிந்ததும், விஷயத்தை அப்படியே மேலிடத்துக்கு எழுதிவிட்டார். மேலிடம் அசாத்திய வேகத்தில் பதில் போட்டது. வெள்ளிக்கிழமை ஆறு மணி அப்டேட்டில் அதுதான் முதல் செய்தி. பெட்டிக்கு ஒரு பிடி கொசுறு அனுமதிக்கப்படுகிறது. ஆனால் பிடிக்கிற கை ஒரே கையாக இருக்க வேண்டும், அந்தக் கை அளந்து முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும்.

ஒன்பது மணிக்கு அளவு சோதிக்கிறவர் வந்தார். தையல்நாயகியைப் பத்துத் தடவை கருவாட்டை அள்ளச் சொல்லி, எடை போட்டு, சராசரி எடுத்தார்.

"இனிமே உங்க பிடி தொண்ணூத்தெட்டு கிராம்மா. ஒரு வருஷம் செல்லும். மருதாணி வெச்சா மறுபடி சோதிக்கணும்." புறங்கையில் ஊதா முத்திரை விழுந்தது.

பிறகு ஒவ்வொரு பெட்டியையும் பத்து கிலோவுக்குக் குறைத்து, மேலே ஒரு பிடி போட்டுத் தராசில் வைத்தார்கள். கூடினால் இரண்டு நெத்திலியை எடு, குறைந்தால் அரை நெத்திலியை வை. எடுத்த கருவாட்டை வெளியே கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டுமாம். அதனால் அது இன்றைக்கும் கிடங்கிலேதான் கிடக்கிறது. வாசனை மட்டும் யாரையும் கேட்காமல் போய்வருகிறது.

நூற்று ஐம்பதாவது பெட்டிக்கு மேல் தராசே தேவைப்படவில்லை. கை அள்ளினால் தொண்ணூற்றெட்டு, அள்ளினால் தொண்ணூற்றெட்டு. மதியழகன் கைதட்டினார். தயாளன் வீடியோ எடுத்தான். தையல்நாயகி மட்டும் விரலைச் சொடுக்கிப் பார்த்தாள். கூட நாலு போடலாம் என்று நினைத்தாலும் விரல் விரியவில்லை. இது யாருடைய கை என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

ஐந்து மணிக்கு லாரி கிளம்பியது. பெட்டிதோறும் ஸ்டிக்கர்: 'நெத்திலிக் கருவாடு 10 கிலோ. கொசுறு 98 கிராம்.'

மூன்று வாரம் கழித்து ஜோசலின் போன் செய்தாள். சரக்கு சுத்தம், மணல் இல்லை, உப்பு அளவு என்று வாயாரப் புகழ்ந்தாள். தையல்நாயகிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"எல்லாப் பெட்டியையும் எடை போட்டேன்கா. ஸ்டிக்கர்ல எழுதின மாதிரியே இருக்கு, ஒரு கிராம் முன்ன பின்ன இல்ல. ஆனா..."

"இன்னா கண்ணு?"

"எழுதினதெல்லாம் வந்துடுச்சு. எனக்குக் கொசுறு எங்கக்கா?"

தையல்நாயகி புறங்கையில் இருந்த ஊதா முத்திரையைப் பார்த்தாள்.

"அடுத்த லோடு உண்டா கண்ணு?"

"கொசுறு போட்டா உண்டுக்கா."