எச்சில் தம்ளர் நிமிர்ந்திருந்தது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2003-ஆம் ஆண்டு ஆவணி மாதம், கரமனையில் ஒரு வீட்டின் அடுக்களையில், கவிழ்த்து வைத்திருந்த ஒரு ஸ்டீல் தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்த்தி வைத்தேன். அதனால் அந்த வீட்டு மாமி சாகக் கிடந்தார். அவருடைய கணவர் தனக்கு மூளை மழுங்கிவிட்டது என்று நம்பி, வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படப் போகிறார். தம்ளரை நிமிர்த்தியது யாரென்று அவருக்குத் தெரியாது.

என் பெயர் ராஜையன். டைல்ஸ் ஒட்டுகிற வேலை. ஆனால் இது தாணுமாலயன் சாருடைய கதை. எனக்கு இதில் கொஞ்சம் இடம் போதும்.

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

‘கரமனை ஆற்றில் வெள்ளம் சுழித்தோடிய ஒரு காலையில்…’ (அன்றைக்கு நான் ஆற்றுப் பக்கம் போகவே இல்லை.)

‘தாணுமாலயன் ஒரு மறதிக்காரர்…’ (பொய். இந்தப் பொய்யைத் தொலைக்கத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.)

‘தம்ளர்களில் பலவகை உண்டு…’ (யாருக்கு வேண்டும்?)

முதல் வரிசைக் கல் சரிந்தால் சுவர் முழுக்கச் சரியும். ஆகவே அவற்றைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, சாரிடமிருந்து தொடங்குகிறேன். அவர் மனதுக்குள் ஓடியது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பதினோரு நாள் அவர் அடுக்களையில் வேலை பார்த்தேன். பாதி அவரே சொன்னது. மீதி நான் ஊகித்தது.

3

தாணுமாலயன் அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷத்துக்குமேல் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதியவர். அட்டையில் ஓட்டை போட்டு எழுதிய காலத்தில் சேர்ந்தார். இரண்டாயிரம் பிறப்பதற்குள் ஆண்டுகளின் இரண்டு இலக்கத்தை எல்லா இடத்திலும் நான்காக்கி முடித்தார். அதற்கடுத்த வருஷம் ஓய்வு பெற்றார். மறுநாள் காலையில் காப்பிக்காக உட்கார்ந்திருந்தவரிடம் சரோஜம் மாமி வந்து சொன்னாராம்:

“ஏன்னா, நேக்கும் இன்னியோட ரிட்டயர்மென்ட் ஆக்கும். பால் ஃப்ரிட்ஜில இருக்கு.”

அவர் சண்டை போடவில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனார். தீயல் குழம்புக்குத் தேங்காயை எதுவரைக்கும் வறுக்க வேண்டும் என்று கேட்டார்.

“பாத்தா தெரியும்.”

“பாத்தா தெரியும்னு எழுதினா மெஷின் ஓடாது, சரோஜம்.”

“அப்போ மெஷினைக் கொண்டு வறுத்துக்கோங்கோ.”

தீப்பெட்டியின் உரசும் பக்கத்து நிறம் வந்ததும் இறக்க வேண்டும் என்று அவரே பார்த்து எழுதிக்கொண்டார். நான் அந்தத் தீயலைச் சாப்பிட்டிருக்கிறேன். (வெந்தயம் ஒரு பொடி கூடுதல். மற்றபடி குற்றம் சொல்ல முடியாது.)

நான் பழைய கல்லைப் பெயர்க்கும்போது ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேசுவார்.

“பழக்கம்னா என்னன்னு நெனைக்கறே, ராஜையா? ஆரோ எப்பவோ எழுதிவெச்ச புரோகிராமாக்கும். எழுதினவா போய்ச் சேந்தாச்சு. அது பாட்டுக்கு ஓடிண்டிருக்கு. எங்காத்துல வெள்ளிக்கிழமை பாகற்காய் பண்ணப்படாது. ஏன்? ஆருக்கும் தெரியாது. அந்த வரியை எடுத்தா என்ன ஆகும்? அதுவும் தெரியாது. அதனால ஆரும் தொடறதில்லை.”

“எங்க வீட்டுலயும் உண்டு சாரே. அம்மி மேல இருக்கப்பிடாது.”

“இருந்தா?”

“எங்கம்மைக்க வாரியலு வரும்” என்று துடைப்பத்தை ஓங்குவதுபோல் கையைத் தூக்கிக் காட்டினேன்.

“அதாக்கும் எரர் மெசேஜ்!” என்று துள்ளிச் சிரித்தார்.

4

மாமிக்குச் சர்க்கரை நோய். காலைப் பலகாரத்துக்கு அரைமணி முன்னால் ஒரு மாத்திரை. கொடுத்தோமா இல்லையா என்று இருவருக்கும் தகராறு வரும். அதற்கு சார் ஒரு வழி செய்தார். மாத்திரை கொடுத்த உடனே ஜன்னல் படியில் இருக்கும் ஸ்டீல் தம்ளரைக் கவிழ்ப்பார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் நிமிர்த்துவார். கவிழ்ந்திருந்தால் கொடுத்தாயிற்று. நிமிர்ந்திருந்தால் இன்னும் கொடுக்கவில்லை. அவ்வளவுதான். மனதை நம்பாதே, அடையாளத்தை நம்பு என்பது அவர் தொழிலில் படித்த பாடம். இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

இந்த விதியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எனக்குத் தண்ணீர் குடிக்க வேறு கிளாஸ் உண்டு.*

* பின்வராந்தாவில், குழாய்க்குமேல். கண்ணாடி கிளாஸ். இதில்தான் குடிக்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதுவும் ஆரோ எப்பவோ எழுதிவைத்ததுதான்.

5

அன்று காலை சார் மாமிக்கு மாத்திரை கொடுத்தார். தம்ளரைக் கவிழ்த்தார். தேங்காய் வாங்கக் கடைக்குப் போனார். நான் கல் அறுத்துக்கொண்டிருந்தேன். தூசி தொண்டையை அடைத்தது. வராந்தாவுக்குப் போகச் சோம்பல். கைக்கெட்டிய தம்ளரை எடுத்துக் குடித்தேன்.

எங்கள் பக்கத்தில் எச்சில் தம்ளரைக் கவிழ்த்து வைக்க மாட்டோம். கழுவிய பாத்திரம்தான் கவிழ்ந்திருக்கும். நிமிர்ந்திருந்தால், குடித்தது, கழுவ வேண்டும் என்று வீட்டுக்காரிக்குத் தெரியும். ஒளித்துக் குடித்தாலும் அந்த மரியாதை கையை விட்டுப் போகவில்லை. நிமிர்த்தி வைத்தேன்.

சார் தேங்காயோடு வந்தார். ஜன்னலைப் பார்த்தார்.

“சரோஜம், மாத்திரை.”

“இப்பத்தானே தந்தேள்?”

“அது நேத்திக்கு. தம்ளர் நிமிர்ந்துன்னா இருக்கு.”

“நேத்திக்கும் இன்னிக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்?”

“என்னையும் நம்பாதே, உன்னையும் நம்பாதே. தம்ளரை நம்பு.”

“சரி சரி, தம்ளர் சார் சொன்னா அப்பீல் உண்டோ?” என்று சிரித்துக்கொண்டே மாமி விழுங்கினார்.

அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை

[மேலே உள்ள வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். கேட்டது. ‘தம்ளர்’ என்ற சொல் காதில் விழுந்ததும், நான் குடித்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்துத் தலையைக் குனிந்து கல்லைத் துடைத்தேன். மாத்திரை விஷயம் எனக்குப் புரியவில்லை என்பது உண்மை. நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புரிந்திருக்கும் என்பதும் உண்மை.]

பதினோரு மணிக்கு மாமிக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. நாக்கு குழறியது. சுவரோடு சரிந்தார். நான்தான் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள் மாமி வீட்டுக்கு வந்தார்.

6

அதன்பிறகு தாணுமாலயன் நான்கு நாள் நோட்டும் கையுமாக உட்கார்ந்தார். மாத்திரை அட்டையை எண்ணினார். ஒன்று குறைந்தது. கடைக்குப் போன நேரம், வந்த நேரம், எல்லாம் எழுதினார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் புரோகிராமில் தப்புப் பிடித்தவர் இப்போது தன்னையே வரி வரியாகப் பார்த்தார்.

“தம்ளர் தானா நிமிராது, சரோஜம். நான் கவிழ்க்கவே இல்லை. குடுத்ததும் ஞாபகமில்லை. ரெண்டு தப்பு, ஒரே நாள்ல. மெஷின் போயாச்சு.”

“கவிழ்த்தேளே, நான் பாத்தேனே.”

“உன் ஞாபகத்தை வெச்சு என் ஞாபகத்தை எப்படிச் சரிபார்க்கறது?”

தம்ளரின் விதி எனக்குப் புரிந்தது அப்போதுதான். சார் சமையல் நோட்டை எடுத்து அலமாரிக்குமேல் போட்டார். அடுப்பைத் தொடவில்லை. பெங்களூரிலிருந்து மகள் ஷைலஜா ஃபோனில் இங்கே வந்துவிடுங்கள் என்றாள். ஐப்பசியில் கிளம்புவதாக ஒத்துக்கொண்டார். “ஒன்பதாம் மாடியில நேக்கு மூச்சு முட்டும்” என்று மாமி சொல்லிப் பார்த்தார். “அங்க நீ உயிரோட இருப்பே” என்றார் சார்.

வேலை முடிந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ இல்லேன்னா அவ இல்லை, ராஜையா.”

“சாரே, ஒரு காரியம் பறயணும்…”

“ஒண்ணும் சொல்லாதே. நீ பண்ணினது ஜென்மத்துக்கும் மறக்காது.”

வாயால் சொல்லப்போனால் இப்படித்தான், நடுவில் புகுந்து கும்பிடுவார். தாளில் எழுதினால் குறுக்கே பேச முடியாது. அதற்காகத்தான் இந்தக் கதை. நாற்பது வயதுக்குமேல் படித்த எழுத்து. வேலை விட்டு வந்து எழுதும்போது விரல் மடங்காது. மடங்காவிட்டாலும் எழுதத்தான் வேண்டும்.

7

முடிவுகள்:

ஒன்று. நான் சொல்லவில்லை. தம்பானூர் ஸ்டேஷனில் அவர்கள் பெட்டியைத் தூக்கி ரயிலில் வைக்கிறேன். சார் கையசைக்கிறார். (எல்லாரும் என்னை நல்லவன் என்பார்கள். வேண்டாம்.)

இரண்டு. சொல்கிறேன். மாமி சிரித்துவிட்டு அதே தம்ளரில் காப்பி தருகிறார். (எழுதும்போது எனக்குக் கண் நிறைந்தது. அதனாலேயே கிழித்தேன். குற்றம் செய்தவனே தனக்கு மன்னிப்பும் எழுதிக்கொள்வதா?)

மூன்று. சொல்கிறேன். சார் எழுந்து, “எங்காத்துத் தம்ளர்ல நீ…” என்று

(முடிக்கவில்லை. அப்படிச் சொல்லக்கூடியவரா என்று எனக்குத் தெரியாது. மாத்திரைக்காக மட்டும் என்றால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். என் வாயைக் கட்டியது இந்த வரிதான். ஆனால் என் பயத்தை அவர் வாயில் வைப்பது நியாயமில்லை.)

8

நாளை ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு கரமனைக்குப் போகிறேன். சார் கடைசி வரிவரை வாசித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பேன். அவர் வாசிக்காமல் வேறு ஒருவர் கண்ணிலும் இது படாது. அதில் மாற்றமில்லை.

ஆகவே, இது இப்போது உங்கள் கையில் இருக்கிறதென்றால், அவர் வாசித்துவிட்டார். தன் மூளையில் ஒரு பழுதும் இல்லை என்று தெரிந்துகொண்டார். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்குமேல் அவர் ரயில் ஏறினாரா, அடுப்பைப் பற்றவைத்தாரா, என் முகத்தில் கதவைச் சாத்தினாரா என்று நான் எழுத மாட்டேன். கீழே அரைப்பக்கம் விட்டிருக்கிறேன். முதலில் சார் எழுதட்டும். இடம் மிஞ்சினால் நீங்கள்.