உடைந்த தட்டுகள்

இரவு முழுவதும் ஒரு நோயாளிக் கிழவரைப் புரட்டிப் போட்டுத் துடைத்துவிட்டு வந்திருந்தாள் வெர்டெல். காரைவிட்டு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஓக் மரங்களுக்கு அடியில், அவர்கள் குடும்பத்து இடுகாடு மொட்டையடித்த தலைபோல மழமழவென்று கிடந்தது.

"எப்படி இருக்கு அக்கா?" என்றான் லமார், அட்லாண்டாவிலிருந்து வந்திருந்த சித்தி மகன். புல்வெட்டும் மெஷின் அவன் பக்கத்தில் நின்றது.

"இங்க கிடந்த தட்டு, கோப்பையெல்லாம் எங்கடா?"

"அந்த ஓட்டை உடைசலா? நேத்தே குப்பை லாரில ஏத்திட்டேன். ஆபீசர் அம்மா வர்றப்ப இடம் லட்சணமா இருக்க வேணாமா?"

திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. தரையில் உட்கார்ந்தாள்.

நெல்வயலில் அடிமைகளாக உழைத்துச் செத்தவர்களுக்கு யார் கல் நட்டார்கள்? கடைசியாகச் சாப்பிட்ட தட்டை உடைத்துக் குழிமேல் வைப்பார்கள், சாவு அந்த வீட்டில் தொடராமல் அதோடு அறுபடட்டும் என்று. அதை உயிரோடிருப்பவர்கள் தொடக் கூடாது. எந்தத் தட்டு யாருடையது என்று வெர்டெலுக்குத் தெரியும். நீலக்கரைத் தட்டு பினாவுடையது. பினா விலைக்கு வாங்கப்பட்டவள். இவர்கள் வம்சம் அவளிடமிருந்துதான் தொடங்குகிறது.

இங்கே கல்லறையே இல்லை என்று சாதிக்கிறது, சாலை போட வந்த கம்பெனி. அதைப் பார்த்து முடிவு சொல்லத்தான் தொல்லியல் அதிகாரி இன்று வருகிறார்.

தட்டுகள்தான் கல்லறைகளுக்கு இருந்த ஒரே அடையாளம் என்று கேட்டதும் லமார் பதறினான். "டாலர் கடையில வேற தட்டு வாங்கி உடைச்சு வெச்சிரலாமா அக்கா?"

"பினா டாலர் கடைத் தட்டுலயாடா சாப்பிட்டா? பேசாம இரு."

அதிகாரி வந்ததும் வெர்டெல் எதையும் மறைக்கவில்லை. "சுத்தம் பண்றேன்னு எல்லாத்தையும் வாரிட்டான். எங்க பையன்தான், என்ன செய்ய?"

அதிகாரி வண்டியிலிருந்து நீண்ட இரும்புக் கம்பி ஒன்றை எடுத்து மண்ணில் குத்தினார். இறுகிய தரை கம்பியைத் தடுத்தது. கொஞ்சம் தள்ளிக் குத்தியபோது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது.

"தோண்டி மூடின மண்ணு" என்று அங்கே ஒரு சிவப்புக் கொடி நட்டார். வெயில் சாய்வதற்குள் மரத்தடியெங்கும் வரிசை வரிசையாகக் கொடிகள். "இந்தப் பக்கம் ரோடு வராதும்மா. நான் எழுதிக் கொடுத்துடறேன்."

லமார் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எது யாரோடதுன்னு சொன்னா அதையும் குறிச்சுக்குவேன்."

வெர்டெல் எழுந்து கொடிகளுக்கு நடுவே நடந்தாள். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஓரிடத்தில் குனிந்து மண்ணைத் தடவிப் பார்த்தாள். அடுத்ததையும் தடவினாள்.

"பேரெல்லாம் சொல்றேன். யார் எங்கன்னு மட்டும் கேக்காதீங்க" என்று நிமிர்ந்தாள். இடுப்பு விண்விண் என்று தெறித்தது. "மொதல்ல பினான்னு எழுதுங்க."

அவள் சொல்லச் சொல்ல, லமார் புல்வெட்டியைக் கிளப்பாமல் கையாலேயே தள்ளிக்கொண்டு தன் வண்டியை நோக்கி நடந்தான்.