பூங்காவனத்தின் வாயும் சாமுண்டியின் கையும்

அயனம்பாக்கத்தில் பூங்காவனம் "ரொம்பு" என்று சொன்னால் குடம் ரொம்பும். "திரும்பு" என்றால் ஏரிக்கால்வாய்த் தண்ணீர் வரப்பைச் சுற்றிக்கொண்டு அவள் வயலுக்குத் திரும்பும். "இறங்கு" என்றால் நெல்மூட்டைகள் வண்டியிலிருந்து தாமே இறங்கிக் கதவோரம் போய் நிற்கும். ஆவடியில் மிலிட்டரிக்காரர்கள் கூடாரம் அடித்த வருஷத்தில் இது தொடங்கியது. அரிசிக்கு ரேஷன் வந்த கவலையில், மூட்டை நடந்ததை ஊர் கொஞ்ச நாள் பேசிவிட்டு விட்டுவிட்டது.

விடாதவள் பூங்காவனத்தின் ஓரகத்தி சாமுண்டீஸ்வரி. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே சுவருக்கு இருபக்கமும் குடியிருந்தவர்கள். சாமுண்டி சுவரில் காது வைத்துக் கேட்டாள். எதிர்வீட்டுப் பெண்கள் நாங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தோம். ரகசியம் மூக்கில் இருந்தது. பூங்காவனம் சொல்லின் நடுவை மூக்கில் இழைத்து மெதுவாக விடுவாள். காரியம் தானாக நடக்கும். சாமுண்டிக்கு அந்த நடு வன்மையாக அடித்துக்கொண்டுதான் வரும்: "ரொப்பு", "திருப்பு", "இறக்கு". அப்படிச் சொன்னால் யாராவது கைவைத்தால்தான் உண்டு. அந்த யாராவது எப்போதும் அவளேதான்.

"அவளுக்கு மட்டும் கொடம் தானா ரொம்பணும், எனுக்கு இடுப்பு ஒடியணுமா?" என்று பக்கத்துத் தெரு எல்லம்மாவிடம் பொருமினாள்.

"உனுக்கு மூக்கு கீறது மூக்குத்தி போட்டுக்கத்தாம்மே" என்றாள் எல்லம்மா.

ஆடி வந்தது. எங்கள் ஊரில் அம்மன் பேரைச் சொல்லி வார்த்த கூழைத் துப்பக் கூடாது, கீழே வைக்கவும் கூடாது. கூழ் ஆறித்தான் வரும் என்பதால் யாரும் ஊதிப் பார்ப்பதில்லை. சாமுண்டி கொதிக்கக் கொதிக்க வார்த்தாள். பூங்காவனம் கண்ணில் நீர் வழிய முழுச்சொம்பையும் குடித்து முடித்தாள். நாக்கு வெந்தது, ஆறியபோது மூக்கொலி போயிருந்தது. "ரொ" வரை வந்து சொல் நின்றுவிட்டது, குடமும் காலியாகவே நின்றது. அதற்குப்பின் அவள் எதையும் ஏவவில்லை. சாமுண்டி அன்று பாயசம் வைத்தாள்.

ஐப்பசி மழையில் மதகோரம் ஏரிக்கரை அறுத்துக்கொண்டது. பூங்காவனத்தை இழுத்துவந்து கரையில் நிறுத்தினார்கள். "அடங்கு" என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வெந்த நாக்கில் "அடக்கு" என்று விழுந்தது. ஏரி கேட்கவில்லை. சாமுண்டியின் கைகள் கேட்டன. இரண்டும் விறைத்து நீண்டு அவளை உடைப்புக்கு இழுத்துப்போய் மண்ணை அள்ளிப் போடத் தொடங்கின.

"ஐயோ, எங்கடி இஸ்துகினு போறீங்க என்னெ?" என்று தன் கைகளையே அவள் திட்டினாள். பின்னாலேயே எல்லம்மாவின் கைகள், எங்கள் கைகள். பொழுது சாய்வதற்குள் கரை நின்றது.

அதற்கப்புறம் பூங்காவனம் எது சொன்னாலும் ஊர்ப் பெண்களின் கைகள் கிளம்பிவிடும். பின்னால் ஆளும் போகவேண்டியதுதான். ஆண்கள் சோறு வடிக்கப் பழகிக்கொண்டார்கள். எப்போதும் முதலில் போய்ச் சேருவது சாமுண்டியின் கை. ஒருநாள் எல்லம்மாவின் கை முந்திக்கொண்டு பூங்காவனத்தின் குடத்தைத் தொட்டுவிட்டது. அறுப்பு முடியும்வரை சாமுண்டி எல்லம்மாவோடு பேசவில்லை.