பிராங்க்ளின் பேசுறேன்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, தெருவில் கறி வாசனை எழும்பியிருந்த நேரம். அன்புமொழி குழம்பை இறக்கிவைத்துவிட்டுக் கையைத் துடைத்தபோது வாசல் கேட்டை யாரோ தட்டினார்கள். எட்டிப் பார்த்தால், முன்பின் தெரியாத ஒரு கணவன் மனைவி. அவர் கையில் ஹெல்மெட். அந்தம்மா கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம்.

"பிராங்க்ளின் சார் வீடு இதுதாங்களா?"

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்றுதான் நினைத்தாள். மேடைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்த மனிதர் அவள் கணவர். அறந்தாங்கியிலிருந்து மணப்பாறை வரைக்கும் பழக்கம். எட்டு மாதம் கழிந்தும், தாமதமாகக் கேள்விப்பட்டேன் என்று யாராவது ஒருவர் வந்து நிற்பது நின்றபாடில்லை.

"இதுதாங்க, உள்ள வாங்க. அவர் இல்லைங்க."

"பரவால்லங்க. எப்ப வருவாரு? நாங்க இருந்து பாத்துட்டே போறோம்."

இல்லை என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அன்புமொழி எட்டு மாதத்தையும் ஓட்டியிருந்தாள். அவர் இல்லை. செத்துப்போனார் என்ற சொல் அவள் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை. வர வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவளுடைய ஊரான ஆவூரில் எல்லோருக்கும் தெரியும்.

"காலையிலகூடப் பேசுனேங்க. கோயிலுக்குப் போயிட்டு மதியத்துக்குள்ள வந்துருவேன், அதுவரைக்கும் வண்டியப் பாத்துக்கிட்டு இருங்கன்னாரு" என்றார் அவர்.

"யாரு சொன்னா?"

"பிராங்க்ளின் சாருதாங்க."

வந்தவர் பெயர் நிலவழகன். பொன்னமராவதியில் முட்டை வியாபாரம். கடைகளுக்கு முட்டை போட ஒரு பழைய வண்டி தேடிக்கொண்டிருந்தவர், இணையத்தில் விளம்பரத்தைப் பார்த்துப் பேசி, அட்வான்ஸும் அனுப்பியிருந்தார். கூட வந்தவர் மனைவி திலகவதி. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே நிலவழகன் செல்போனை நீட்டினார்.

திரையில் அன்புமொழி வீட்டு ஆம்னி வேன் நின்றது. வெள்ளை வண்டி, பின்பக்கம் ஸ்பீக்கர் ஏற்றி ஏற்றி உரிந்துபோன பெயின்ட். கீழே 'பிராங்க்ளின், ஆவூர்' என்று பெயர். ஒரு கைபேசி எண். அது அவள் எண்ணும் இல்லை, அவர் எண்ணும் இல்லை. அடுத்த படத்தைத் தள்ளினாள். இன்சூரன்ஸுக்காக பிராங்க்ளினே எடுத்த பழைய படம் அது. வண்டியின் கண்ணாடிக் கதவில், போனை உயர்த்திப் பிடித்தபடி அவர் உருவம் மங்கலாக விழுந்திருந்தது.

"எம் வீட்டுக்காரரு..." என்று ஆரம்பித்தவள், சுவரைக் காட்டினாள். சிவப்பு பல்பு எரிய, பிளாஸ்டிக் ரோஜா மாலைக்குள் அவர் படம்.

நிலவழகன் படத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் அதிர்ச்சி வரவில்லை. ஏதோ ஒப்பந்தத்தில் சொன்னது சொன்னபடி நடப்பதைப் போலத் தலையாட்டிக்கொண்டார். அதுதான் அன்புமொழியை அதிகம் பயமுறுத்தியது.

"ஒரு நிமிசங்க" என்று எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுங்க நிலவழகன். பிராங்க்ளின் பேசுறேன்."

இதமான குரல். அவசரமில்லாத குரல்.

"சார், வீட்டுக்கு வந்துட்டோம். மேடம் என்னமோ போட்டோவக் காட்டுறாங்க."

"நாந்தான் சொன்னேன்ல சார். எங்களுக்குள்ள கொஞ்சம் பிரச்சினை. கோவத்துல நான் செத்துட்டேன்னே சொல்லுவா. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கா. பாவம், அவளுக்கு மனசு சரியில்ல. நீங்க அவகூட வாக்குவாதம் வச்சுக்காதீங்க. வண்டியப் பாருங்க, புடிச்சிருந்தா மிச்ச அட்வான்ஸப் போடுங்க. சாவியோட நான் வாரேன்."

'பாவம்' என்று சொன்ன விதத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் குரலை அவள் அறிவாள். போன மாதம் முழுக்க அந்தக் குரலோடு பேசியிருந்தாள்.

நிற்கிற வண்டி கெட்டுப்போகும், வித்துவிடுங்கள் அண்ணி என்று கொழுந்தன் பீட்டர் சொல்லித்தான் அவள் அந்தப் படங்களைப் போட்டு இணையத்தில் விளம்பரம் கொடுத்திருந்தாள். முதலில் அழைத்தவன், ராணுவத்தில் இருக்கும் சூர்யபிரகாஷ் என்று சொல்லிக்கொண்டான். சீருடையோடு அடையாள அட்டையின் படம் அனுப்பினான். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் குறுக்கே பேசவில்லை. மற்றவர்களைப் போல, மகளுக்காக மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொல்லவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாப்பிட்டீங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டான். மகள் ஷர்லி திருச்சியில் விடுதியில். ஆசிரியை வேலை முடிந்து பள்ளிக்கூடம் விட்டு அன்புமொழி வந்தால் பேச ஆளில்லாத வீடு. மேலதிகாரிக்குக் காட்ட வேண்டும் என்று ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டான், அனுப்பினாள். பிராங்க்ளினின் ஆதார் கேட்டான், அதையும் அனுப்பினாள். அவர் எப்படிப் பேசுவார், எந்தப் பாட்டை விரும்பி வாசிப்பார் என்பதுவரை அவளாகவே சொன்னாள். கடைசியில் ஒரு க்யூஆர் கோடு வந்தது. ஸ்கேன் பண்ணி ரகசிய எண்ணைப் போட்டால் பணம் உங்கள் கணக்குக்கு வரும் என்றான். பீட்டர் பதறித் தடுத்துவிட்டான். "பணம் வாங்குறதுக்கு எதுக்கு அண்ணி பின் நம்பர் போடணும்? போட்டா நம்ம காசுதான் போகும்." எண்ணைத் தடுத்து, விளம்பரத்தையும் எடுத்துவிட்டார்கள். தப்பித்தோம் என்று அன்றைக்குப் பாயசம்கூட வைத்தாள்.

காகிதங்கள் அவனிடம் இருந்ததை அவள் யோசிக்கவேயில்லை.

"இது அவர் குரல் இல்லைங்க" என்றாள் இப்போது.

"புருஷன் பொண்டாட்டி சண்டைக்குள்ள நாங்க வரலங்க" என்றார் நிலவழகன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "போட்டோவுக்கு மாலைய யாரு வேணாலும் போடலாம்."

"சும்மா இருங்க!" திலகவதி அதட்டினார். ஆனால் அவர் கண்ணிலும் சந்தேகம் இருந்தது.

அன்புமொழி அடுப்பை அணைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். "எங்கூட வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு உச்சி வெயிலில் மூன்று பேரும் நடந்தார்கள். கல்லறைத் திருநாளுக்கு வைத்த சாமந்தி காய்ந்து கருகிக் கிடந்தது. புதுக் கல். சவரிமுத்து பிராங்க்ளின் என்ற பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும். நிலவழகன் தன் போனில் இருந்த ஆதார் படத்தை விரித்து, கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறந்த நாளை வாய்க்குள் படித்தார். மறுபடியும் படித்தார்.

அப்போது அவர் கையில் போன் அதிர்ந்தது. செய்தி. திலகவதி எட்டிப் பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொள்ளத் தெரியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

'வண்டி பாத்தாச்சா சார்? — பிராங்க்ளின்.'

கல்லின் மேல் கையை ஊன்றியபடி நிலவழகன் உட்கார்ந்துவிட்டார். "அய்யோ, கல்லறையில நின்னுக்கிட்டு..." என்றார். அவர் சேர்த்து வைத்ததில் பாதி அந்த அட்வான்ஸ்.

அன்புமொழி கூப்பிட்டதும் பீட்டர் வந்தான். அவன்தான் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு நிலவழகனைப் பேச வைத்தான். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு இருக்கிறது என்றான். மறுநாள் புதுக்கோட்டைக்குப் போய் எழுத்து மூலம் புகார் கொடுத்தார்கள். எழுதிக்கொண்ட பெண் காவலர், "அந்த ராணுவ அடையாள அட்டையும் நெசமான ஆளோடதா இருக்கும்மா. அவருகிட்டயும் இப்படித்தான் எதையாவது விக்கிற சாக்குல வாங்கியிருப்பானுக" என்றார். அன்புமொழிக்கு அந்தப் படத்தில் இருந்த மீசைக்கார இளைஞனின் முகம் நினைவுக்கு வந்தது. அவன் வீட்டு வாசலிலும் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள்.

புகார் கொடுத்த பிறகும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. ஆவுடையார்கோவிலிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வந்தார். கீரனூரிலிருந்து இரண்டு இளைஞர்கள். எல்லோரும் பிராங்க்ளினைப் பற்றி நிகழ்காலத்தில் பேசினார்கள். சார் நல்லா பேசுறாரு. சார் கறாரா இருக்காரு, ஆனா நேர்மையான மனுஷன். ஒருவர், "நேத்து ஒரு பாட்டோட ராகத்தை அப்படியே பாடிக் காட்டுனாருங்க" என்றார். அந்தப் பாட்டை அவனுக்குச் சொன்னதே அவள்தான்.

ஒரு கட்டத்தில் அவளுக்கே பயம் வந்தது. பள்ளியில் பாடம் நடத்தும்போது, இந்நேரம் அவர் எங்கேயோ யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பு ஓடும். அவர், அவன் என்ற வேறுபாடு சில நொடிகளுக்கு அழிந்துபோகும்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை அவள் செய்தாள். பள்ளிக்கூடத்தின் பொதுத் தொலைபேசியிலிருந்து, மாலையில் எல்லோரும் போன பிறகு, நிலவழகன் காட்டிய விளம்பரத்தில் இருந்த எண்ணை அழைத்தாள்.

"ஹலோ, பிராங்க்ளின் பேசுறேன்."

வைத்துவிட்டாள். அடுத்த நாளும் அழைத்தாள். அந்தப் பெயரைச் சொல்லி ஒரு ஆண் குரல் பேசுகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. இது பாவம் என்று தெரிந்தது. அசிங்கம் என்றும் தெரிந்தது. ஆனாலும் பிள்ளைகள் போனதும் கால் அலுவலக அறைக்குத் தானாகப் போனது. அவள் பேச மாட்டாள். அவன், ஹலோ ஹலோ என்பான். அவ்வளவுதான்.

ஒருநாள் அவன் ஹலோ சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, மிக மெதுவாக:

"அக்கா, நீங்களா?"

அன்புமொழி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீங்கதான்னு தெரியும்க்கா. சாப்பிட்டீங்களா?"

அதே கேள்வி. அதே கனிவு. அந்தக் கனிவு போலி இல்லையோ என்று நினைக்கத் தோன்றிய அந்த ஒரு கணத்தில்தான் அவள் உண்மையில் பயந்தாள். கேட்டுக்கொண்டே நின்றால், அவள் பதில் சொல்லிவிடுவாள். இன்னும் ஒரு வாரத்தில் வேறு எதையாவது அனுப்பிவிடுவாள்.

"எம் புருஷன் செத்துட்டாரு" என்றாள். குரல் வெற்று அறையில் பெரிதாகக் கேட்டது. "மார்ச் மாசம், மேடையிலயே நெஞ்சு வலி வந்து செத்துட்டாரு. நாந்தான் குளிப்பாட்டுனேன். நாந்தான் மண்ணு போட்டேன். நீ பிராங்க்ளின் இல்ல. இனிமே அந்தப் பேரச் சொல்லாத."

சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். இணைப்பு துண்டிக்கப்பட்ட சத்தம் மட்டும் வந்தது. அதன் பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். எட்டு மாதமும் வராத அழுகை. பள்ளியைப் பெருக்க வந்த அம்மா வாளியோடு வாசலில் நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

அன்றிரவு பீட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். போன் செய்ததையும் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. "எங்கிட்ட சொல்லியிருந்தா நான் ஒக்காந்து பேசியிருப்பேன்ல அண்ணி" என்றான். அப்புறம், "அண்ணன் வாசிச்சத நான் போன்ல பதிஞ்சு வச்சிருக்கேன். கேக்குறீங்களா?" என்றான். இன்னொரு நாள் என்றாள்.

வண்டியை விற்கும் வேலையை முறைப்படி தொடங்கினாள். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, முதலில் வண்டியைத் தன் பெயருக்கு மாற்றினாள். தாசில்தார் அலுவலகத்தில் 'இறந்தவருக்கு என்ன உறவு' என்று கேட்டார்கள். மனைவி என்றாள். நிலவழகனின் அட்வான்ஸில் ஒரு பகுதியை வங்கி முடக்கி வைத்திருந்தது; மீதி போனது போனதுதான். அவரே மறுபடி வந்தார்.

"ஒங்க வண்டியத்தாங்க வாங்கணும்னு இருக்கு" என்றார், தரையைப் பார்த்தபடி. "அன்னிக்கு வாயில வந்ததப் பேசிட்டேன்."

"அவன் பேசுனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள்.

விலையை நேருக்கு நேர் பேசினார்கள். பணம் வங்கிக் கவுண்டரில் கைமாறியது. அன்றைக்கே இருவரும் ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். பெயர் மாறி வரும்வரை சாவியைத் தரமாட்டேன் என்று அவள் சொன்னபோது, நிலவழகன் சிரித்தார். "அதுதாங்க சரி."

வண்டி போன பிறகு, அது நின்றிருந்த தகரக் கொட்டகையில் எண்ணெய்க் கறையும் ஒரு அறுந்த ஸ்பீக்கர் ஒயரும் கிடந்தன. ஒயரைச் சுருட்டி உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

தை மாதம் விடுமுறைக்கு வந்திருந்த ஷர்லி, காலையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அம்மா" என்றாள். அவள் குரலே சொல்லிவிட்டது. வேறொரு இணையதளம். வேறொரு எண். வெள்ளை ஆம்னி, 'பிராங்க்ளின், ஆவூர்'. இரண்டாவது படத்தில் கண்ணாடிக் கதவுக்குள் அவர் நின்றார்.

அன்புமொழி போனை வாங்கினாள். புகார் என்ற இடத்தை அழுத்தி, காரணம் கேட்ட கட்டத்தில் எழுதினாள்: இந்த நபர் இறந்துவிட்டார், நான் அவர் மனைவி, வண்டி விற்கப்பட்டுவிட்டது, யாரும் பணம் அனுப்ப வேண்டாம். மாலைக்குள் விளம்பரம் மறைந்தது.

பத்து நாள் கழித்து இன்னொன்று வந்தது. அதற்கும் எழுதினாள். இப்போதெல்லாம் காலையில் காப்பி போட்டதும் முதல் வேலையாக அவர் பெயரைத் தேடிப் பார்க்கிறாள். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் இருப்பதில்லை. இருக்கிற நாட்களில், கண்ணாடியில் தெரியும் அந்த மங்கலான முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் புகாரை அழுத்துகிறாள்.